இரும்புத்தூள் எங்கள் கிணறுகளைக் காப்பாற்றுமா?

எழுவான்கரையில் தண்ணீர் எடுக்க ஆழமாகப் போகத் தேவையில்லை. கல்லாற்றிலிருந்து கல்லடி வரை வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலத்தில், வளவின் எந்த மூலையில் தோண்டினாலும் சில முழத்தில் நீர் ஊறும். நாலைந்து சீமெந்து வளையங்களை இறக்கிவிட்டால் கிணறு தயார். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழியே வரத் தொடங்கிய பின்னரும், குளிக்க, துவைக்க, பயிருக்கு ஊற்ற, குழாய் வராத நாளில் குடிக்கவும்கூடப் பல குடும்பங்கள் இந்தக் கிணறுகளைத்தான் நம்பியிருக்கின்றன.

நீரை இவ்வளவு இலகுவாகத் தரும் அதே மணல், மேலே சிந்தும் எதையும் அதே இலகுவோடு கீழே இறக்கிவிடும். களிமண் பல நச்சுப்பொருட்களைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். மணலுக்கு அந்தக் குணம் குறைவு. மலசலகூடக் குழி, பயிருக்கு விசிறும் யூரியா, வாகனப் பட்டறையின் கழிவெண்ணெய், போர்க்காலத்தில் மண்ணுக்குள் போனவை என எதுவானாலும் முதலில் சென்று சேருமிடம் அந்தச் சில முழ ஆழத்து நீர்தான்.

மாசடைந்த மண்ணையும் நிலத்தடி நீரையும் இரும்புத்தூளைக் கொண்டு சுத்திகரிக்கலாம் என்ற செய்தி இப்போது தமிழிலும் பரவி வருகிறது. இது பொய்யான செய்தி அல்ல. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முப்பது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள முறை. ஆனால் எந்த நஞ்சுக்கு என்று சொல்லாமல் இரும்புத்தூளைப் பற்றிப் பேசுவது, நோயைச் சொல்லாமல் குளிசையைக் கொடுப்பது போன்றது. மட்டக்களப்பைப் பொறுத்தவரை இதில் ஒரு முரண் உண்டு. நாம் ஏற்கனவே அறிந்த நீர்ப் பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரும்பு உதவாது. அது உதவக்கூடிய நஞ்சுகளோ எமது வழக்கமான நீர்ப் பரிசோதனைப் பட்டியலிலேயே இல்லை.

துருவேறும்போது நடப்பது

இந்த முறை பிறந்த கதை சுவாரசியமானது. 1980-களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் குழாய்கள் எந்தப் பொருளால் செய்யப்பட்டால் மாதிரி கெடாது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். உலோகத்தோடு சேர்ந்திருந்த நீரில், குளோரீன் கொண்ட கரைப்பான்களின் அளவு தானாகவே குறைந்துகொண்டு போனது. குழாயைச் சோதிப்பவருக்கு அது ஒரு தொல்லை. பேராசிரியர் றொபேட் கில்லமும் அவரது குழுவினரும் அந்தத் தொல்லையையே மருந்தாக மாற்றலாமே என்று யோசித்தார்கள். 1991-இல் போர்டன் இராணுவத் தளத்தின் மணல் நிலத்தில் இரும்புத் துருவலையும் மணலையும் கலந்து நிலத்தடியில் ஒரு தடுப்பு அமைத்துச் சோதித்தபோது, அதனூடாகச் சென்ற நீரில் இருந்த கரைப்பானின் பெரும்பகுதி சிதைந்துபோனது.

இரும்பு துருப்பிடிப்பது என்றால் தன் இலத்திரன்களை இழப்பது. காற்றுள்ள இடத்தில் அவற்றை ஒட்சிசன் வாங்கிக்கொள்கிறது. ஒட்சிசன் அற்ற நிலத்தடியில், பக்கத்தில் இருக்கும் வேறு பொருட்கள் வாங்கிக்கொள்ளும். குளோரீன் கொண்ட கரைப்பான் இலத்திரனை வாங்கும்போது அதன் குளோரீன் கழன்று விழுகிறது. ஆறு வலுவளவுள்ள குரோமியம், நீரில் கரைந்து ஓடும் நச்சு வடிவம், இலத்திரனை வாங்கி மூன்று வலுவளவுக்கு இறங்கி மண்ணோடு படிந்துவிடுகிறது. ஆசனிக் விடயத்தில் கதை வேறு. அங்கே வேலை செய்வது துருதான். ஆசனிக் துருவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. பங்களாதேஷில் பேராசிரியர் அபுல் ஹுஸாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி இந்த அடிப்படையில் இயங்குவது. அதற்கு 2007-இல் அமெரிக்காவின் பத்து இலட்சம் டொலர் கிரேஞ்சர் பரிசு கிடைத்தது.

எல்லாமே மேற்பரப்பில் நடக்கும் வேலை என்பதால், இரும்பு எவ்வளவு நுண்மையாக இருக்கிறதோ அவ்வளவு வேகம். இதனால்தான் துருவலில் தொடங்கியவர்கள் தூளுக்கும், பின்னர் கண்ணுக்குத் தெரியாத நனோத் துகளுக்கும் போனார்கள். நனோ இரும்புக்கு அதற்கேயுரிய சிக்கல்கள் உண்டு. விலை அதிகம். உலர்ந்த நிலையில் காற்றுப்பட்டால் தீப்பற்றக்கூடும். நீரில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, செலுத்திய இடத்திலிருந்து சில மீற்றருக்கு மேல் நகராது. அது திரளாமல் இருக்கக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசினைக்கூடச் சேர்க்கிறார்கள்.

எமது பக்கத்தில் இதைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, "எங்கட குழாய்க்கிணத்தில ஏற்கனவே இரும்புத் தண்ணிதானே வருது?" என்பதுதான். வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கி, தேநீரைக் கறுப்பாக்கும் அந்த இரும்பு நீரில் கரைந்த இரும்பு. கொடுக்க வேண்டிய இலத்திரன்களில் பெரும்பகுதியை அது ஏற்கனவே கொடுத்து முடித்துவிட்டது. வாகரைப் பக்கத்தில் சர்ச்சைக்குள்ளாகியிருக்கும் இல்மனைட் கரும்மணலும் அப்படியே; அதிலுள்ள இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து கிடக்கிறது. இங்கே வேண்டியது துருப்பிடிக்காத, உலோக நிலையில் உள்ள இரும்பு. பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடித்துக் கை கால் இழந்தவர்கள் வாழும் மண்ணில் இரும்பை மருந்து என்று எழுதுவது எனக்குச் சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது.

உப்பு, உரம், எண்ணெய்

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுவான்கரைக் கிணறுகளை உப்பால் நிரப்பியது. அப்போது பலரும் செய்தது கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தது. இந்தக் கரையோரத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லை போன்றது. மேலே இருக்கும் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்புநீர் ஏறிவரும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் 2005-இல் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மூன்று இடங்களில் கிணறுகளை ஆராய்ந்தபோது இந்த எச்சரிக்கையைத்தான் முன்வைத்தது. கிணறுகளைத் தேற்றியதில் பெரும்பங்கு மாரி மழைக்கே. உப்பை இரும்பு தொடாது. மாறாக, உப்புநீரில் இரும்பு வேகமாக அரித்துப்போகும். வாவிக்கரையை ஒட்டிய நிலத்தில் இரும்பைப் புதைக்க நினைப்பவர்கள் கணக்கில் எடுக்கவேண்டிய முதல் விடயம் இது.

அடுத்தது நைத்திரேற்று. களுதாவளையின் வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் மணலில் விளைபவை. மணலுக்கு உரத்தைப் பிடித்துவைக்கும் சக்தி இல்லாததால் அடிக்கடி போடவேண்டியிருக்கிறது. போட்டதில் ஒரு பகுதி நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போகிறது. மலசலகூடக் குழிகளிலிருந்து வருவதும் இதோடு சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடும்.

இரும்பு நைத்திரேற்றைச் சிதைக்கும். "நைத்திரேற்றை அகற்றும்" என்று விற்பவர்கள் சொல்வதும் அதை வைத்துத்தான். ஆனால் சிதைந்த நைதரசனில் பெரும்பகுதி காற்றோடு போவதில்லை. அமோனியமாக நீரிலேயே தங்கிவிடுகிறது. ஒரு மாசை எடுத்து இன்னொன்றை வைப்பது இது. போதாக்குறைக்கு, நைத்திரேற்று அதிகமுள்ள நீர் இரும்பை வீணே தின்று தீர்த்துவிடும். களுதாவளைக் கிணறுகளுக்கு வேண்டியது உரத்தை அளவறிந்து, பகுதி பகுதியாகப் போடுவதும், குழிகளைக் கிணற்றிலிருந்து தள்ளி வைப்பதும்தான்.

மூன்றாவது எண்ணெய். தமிழ் மக்களின் நினைவில் நிலத்தடி நீர் மாசு என்றால் முதலில் வருவது சுன்னாகம். மின்னிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2015-இல் பெரும் போராட்டமாக வெடித்தது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு மக்களின் நம்பிக்கையைப் பெறவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பு, மாசாக்கியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில், நொதேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபா செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது.

சுன்னாகத்தில் இரும்புத்தூள் உதவியிருக்குமா? இல்லை. டீசலும் உலை எண்ணெயும் இலத்திரனை வாங்கிச் சிதைபவை அல்ல; அவற்றைச் சிதைக்க ஒட்சிசன் தேவை, ஒட்சிசனோடு வேலை செய்யும் பக்றீரியாக்கள் தேவை. இரும்பின் வேலை அதற்கு நேர் எதிரானது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் வெடிப்புகளும் குகைகளும் கொண்டது. நீர் எந்த வழியால் போகும் என்று சொல்வதே கடினம். அங்கே தடுப்பு அமைப்பது ஓட்டைச் சாக்கின் ஒரு பக்கத்தைத் தைப்பது மாதிரி. இந்த ஒரு விடயத்தில் எழுவான்கரை மணல் எமக்குச் சாதகம். மணலில் நீர் ஒழுங்காக, மெதுவாக நகர்கிறது.

வெடிமருந்தின் எச்சம்

இரும்பு நன்றாக வேலை செய்யும் நஞ்சுகளில் போரோடு தொடர்புடையவையும் உண்டு. இதைப் பற்றித்தான் எமது வாசகர்களோடு கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும்.

எறிகணைகளிலும் கண்ணிவெடிகளிலும் நிரப்பப்படும் பிரதான வெடிமருந்துகள் ரி.என்.ரி.யும் ஆர்.டி.எக்ஸும். ரி.என்.ரி. மண்ணோடு ஓரளவு ஒட்டிக்கொள்ளும். ஆர்.டி.எக்ஸ் அப்படியல்ல, மழை நீரோடு மணலூடாக இறங்கி, நிலத்தடி நீரோடு நெடுந்தூரம் போகும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் கேப் கொட் என்ற கரையோரப் பகுதியும் எழுவான்கரையைப் போல மணல் நிலம், மக்கள் அந்த மணலுக்குள் உள்ள நீரையே குடிப்பவர்கள். அங்கிருந்த இராணுவப் பயிற்சித் தளத்தின் கீழே ஆர்.டி.எக்ஸ் நீரில் பரவியது கண்டறியப்பட்டது. 1997-இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் அங்கு எறிகணைப் பயிற்சியையே நிறுத்த உத்தரவிட்டது. இதன்பின் பல ஆண்டுகளாக நீரை மேலே இறைத்து, கரியில் வடித்து, மீண்டும் நிலத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் வாகரையிலும் படுவான்கரையிலும் எறிகணை விழுந்த ஒவ்வொரு வளவிலும் நஞ்சு இருக்கிறது என்று யாரும் பயப்படத் தேவையில்லை. முழுமையாக வெடித்த எறிகணை தன் வெடிமருந்தை ஏறத்தாழ முழுவதும் எரித்துவிடுகிறது. மண்ணில் மிஞ்சுவது மிகச் சொற்பம். ஆபத்து இருப்பது வேறு இடங்களில். பாதி வெடித்து உடைந்து கிடந்தவை, வெடிக்காமல் மண்ணுக்குள் இருந்து உறை துருப்பிடித்து ஓட்டை விழுந்தவை, வெடிபொருள் களஞ்சியங்கள் இருந்த இடங்கள், மீட்ட வெடிபொருட்களைக் குவித்து அழித்த குழிகள், வெடிபொருட்கள் வீசப்பட்ட கைவிடப்பட்ட கிணறுகள். எண்ணிக்கையில் இவை குறைவு. ஊர் மக்களுக்கு அவை எங்கே என்று பெரும்பாலும் தெரியும்.

2006 இறுதியிலும் 2007-லும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று கிணறு இறைப்பு. இறைத்து, சேறு வாரி, குளோரீன் போட்டு, சில நாள் விட்டுப் பாவிக்கத் தொடங்கினார்கள். குளோரீன் கிருமியைக் கொல்லும். வெடிமருந்தையோ கரைப்பானையோ அது ஒன்றும் செய்யாது. 2017 ஜூனில் மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்களின் பணி பெரியது. ஆனால் அந்தச் சான்று மண்ணுக்குள் வெடிக்கக்கூடிய பொருள் இல்லை என்பதைத்தான் சொல்கிறது. நீரில் கரைந்தது என்ன என்பது வேறு பரிசோதனை.

இந்த இடத்தில்தான் இரும்பு பொருந்துகிறது. ஆர்.டி.எக்ஸ், ரி.என்.ரி. இரண்டும் இலத்திரனை ஆவலோடு வாங்கும் மூலக்கூறுகள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வெடிபொருள் தொழிற்சாலை இருந்த நிலமொன்றில், 2003-இல் நிலத்தடி நீருக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பு பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டது. அதே மாநிலத்தின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெற்றோலகுளோர் என்ற களைநாசினி சிந்திய மண்ணை வரப்பு வரப்பாகக் குவித்து, இரும்புத்தூளையும் நீரையும் கலந்து, ஈரம் காயாமல் வைத்துச் சுத்திகரித்திருக்கிறார்கள். இது எமக்கு இன்னும் கிட்டிய உதாரணம். கிருமிநாசினிப் போத்தல்கள் உடைந்த களஞ்சியத் தரையையோ, வெடிபொருள் அழித்த குழியின் மண்ணையோ இப்படிக் கையாள ஓர் உழவு இயந்திரமும், மூடி வைக்கப் படங்கும், அளந்து பார்க்க ஆய்வுகூடமும் போதும்.

குறையையும் சொல்லவேண்டும். ரி.என்.ரி. இரும்பிடம் இலத்திரன் வாங்கிய பின் மறைந்துவிடுவதில்லை. அமீன் வகைச் சேர்மமாக மாறுகிறது, அதுவும் நச்சுத்தன்மை அற்றதல்ல. அது மண்ணோடு இறுகப் பிணையும் என்பதால் நீருக்குள் போகும் அபாயம் குறைகிறது, அவ்வளவுதான். உந்துகணை எரிபொருளில் வரும் பேர்குளோரேற்றை இரும்பு பெரிதாக அசைப்பதில்லை.

மணலில் ஒரு தடுப்பு

நிலத்தடி நீரைச் சுத்திகரிக்க இரும்பைக் கிணற்றுக்குள் கொட்டுவதில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். குடிநீர்க் கிணற்றுக்குள் எந்த இரும்புத்தூளையும் போடவேண்டாம். லேத் பட்டறைத் துருவலில் வெட்டும்போது ஊற்றிய எண்ணெய் ஒட்டியிருக்கும். அதுவே புதிய மாசு. இரும்பு வேலை செய்த நீரில் கரைந்த இரும்பு கூடியும், நீர் காரத்தன்மை அடைந்தும் இருக்கும்.

செய்வது என்னவென்றால், மாசுள்ள இடத்துக்கும் காப்பாற்றவேண்டிய இடத்துக்கும் நடுவே, நீர் ஓடும் திசைக்குக் குறுக்காக ஒரு அகழி வெட்டி, அதை இரும்புத் துருவலால் நிரப்புவது. நீர் தானாக அதனூடாக நகரும். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 1996-இல் அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் எலிசபெத் சிற்றித் தளத்தில், குரோமிய முலாம் பூசும் பட்டறையின் தரையூடாகக் கசிந்த நஞ்சு பக்கத்து ஆற்றுக்குப் போகாமல் இருக்க அமைத்த தடுப்பு 46 மீற்றர் நீளம், 7.3 மீற்றர் ஆழம், 0.6 மீற்றர் அகலம். இரண்டு அடி தடிப்புள்ள இரும்புச் சுவர், அவ்வளவே. குரோமியத்தையும் கரைப்பானையும் அது பல ஆண்டுகள் தடுத்தது. வாவிக்கரை போன்ற இடத்தில், நீர்மட்டம் மேலேயே இருப்பதால், அகழி வெட்ட வெட்ட மணல் சரியும். அதற்கும் அதே கொத்தவரைப் பிசினைக் கஞ்சிபோல் கரைத்து அகழிக்குள் நிரப்பிச் சுவரை நிறுத்தும் முறை இருக்கிறது. பின்னர் நுண்ணுயிர்கள் பிசினைத் தின்றுவிடும்.

ஆனால் "நீர் ஓடும் திசை" என்பதை எமது நிலத்தில் கண்டுபிடிப்பது கடதாசியில் எழுதும் அளவுக்கு இலகு அல்ல. எழுவான்கரையில் மழைநீர் நடுத்திட்டில் இறங்கி, ஒரு பாதி கடல் பக்கமும் மறுபாதி வாவிப் பக்கமும் போகிறது. மாரியில், முகத்துவாரம் வெட்டப்படுமுன் வாவி பெருகி நிற்கும் நாட்களில், கரையோரத்தில் ஓட்டம் எதிர்ப்பக்கம் திரும்பலாம். பக்கத்து வளவில் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரத்தை நாள் முழுக்க ஓடவிட்டால் அதுவும் ஓட்டத்தை இழுக்கும். ஒரு வருடம், இரு பருவத்திலும், பல கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்த பின்பே தடுப்பை எங்கே வைப்பது என்று சொல்லமுடியும். அளக்காமல் தவறான இடத்தில் புதைத்த இரும்பு, அதைப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு போகும் நீரை எதுவும் செய்யப்போவதில்லை.

பிறகு, காலம். சுண்ணாம்புப் படிவும் துருவும் சேர்ந்து துளைகளை அடைக்கும். இரும்பின் வீரியம் குறையும். நன்னீரில் பத்து, இருபது வருடம் தாக்குப்பிடித்த தடுப்புகள் உண்டு. உப்பேறிய வாவிக்கரையில் அந்தக் காலம் சுருங்கும். யுத்தத்துக்குப் பின்னரும் சுனாமிக்குப் பின்னரும் எமது ஊர்களில் திறப்புவிழாக் கண்டு, பராமரிப்பின்றிக் கிடக்கும் நீர்த்தாங்கிகளையும் வடிகட்டிகளையும் நினைத்துப் பாருங்கள். இரும்பைப் புதைக்க நன்கொடையாளர் கிடைப்பார். ஏழாவது வருடத்தில் அதிலிருந்து வெளிவரும் நீரைச் சோதிக்க யார் இருப்பார் என்பதைத்தான் முதல் கூட்டத்திலேயே கேட்கவேண்டும்.

தொழில்நுட்பம் இருப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது என்பதற்கு இராணிப்பேட்டை சாட்சி. தமிழ்நாட்டின் அந்தத் தோல் நகரில் குரோமிய இரசாயன ஆலையொன்று 1990-களின் நடுப்பகுதியில் மூடப்பட்டபோது சுமார் 2 இலட்சம் தொன் குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. ஆறு வலுவளவுள்ள குரோமியம், அதாவது இரும்பு மிக நன்றாக வேலை செய்யும் நஞ்சு, கிணறுகளுக்குள் இறங்கியது. 2006-இல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் அந்த ஊரின் பெயர் இடம்பெற்றது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் குரோமியத்தை மாற்றும் பக்றீரியாக்களைக் கொண்டு அங்கே பரீட்சார்த்தத் தடுப்புகளை அமைத்துக் காட்டினார்கள். கழிவு மேடோ கால் நூற்றாண்டுக்கு மேலாக அங்கேயே கிடந்தது. ஆலை மூடிய பிறகு செலவை யார் தலையில் கட்டுவது என்பதே வழக்கு.

எதைக் கேட்பது?

எமது பக்கம் திரும்பினால், அளந்து பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் நீளமானதல்ல. வெடிபொருள் அழித்த குழிகளும் பழைய களஞ்சியங்களும் முதலில். மக்களிடம் திருப்பிக் கையளிக்கப்படும், முன்னர் முகாம்கள் இருந்த காணிகள் அடுத்தது. உலகெங்கும் படைத்தளங்களின் வாகனப் பட்டறைகளுக்குக் கீழே கொழுப்பகற்றும் கரைப்பான்கள் காணப்பட்டிருப்பதால், காணியோடு மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. வாழைச்சேனைக் காகித ஆலையின் பழைய கழிவு நிலம் இன்னொன்று. குளோரீன் கொண்டு கூழை வெளுக்கும் ஆலைகள் குளோரீன் சேர்ந்த சேதனப் பொருட்களைக் கழிவில் விடுபவை; அங்கே மண்ணில் என்ன இருக்கிறது என்று அளவீடுதான் சொல்லவேண்டும். மாநகரக் குப்பை கொட்டப்பட்ட, வாவியை அண்டிய திருப்பெருந்துறையும் பட்டியலில் வரவேண்டும். குப்பைக் கசிவில் வரும் சில பார உலோகங்களை இரும்பு பிடிக்கும், அமோனியத்தைப் பிடிக்காது.

ஒரு கிணற்று நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வழக்கமாகப் பார்ப்பது பிஎச், உப்பு, வன்மை, நைத்திரேற்று, இரும்பு, கோலிபோம் கிருமி போன்றவை. ஆர்.டி.எக்ஸும் கரைப்பான்களும் அந்தப் பட்டியலில் வராது. கேட்டால்தான் பார்ப்பார்கள், அதற்குரிய கருவி எல்லா ஆய்வுகூடங்களிலும் இருப்பதுமில்லை. ஆகவே "தண்ணீர் பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது" என்று ஒரு அறிக்கை வந்தால், எவை எவை பரிசோதிக்கப்பட்டன, எந்த அளவு வரை அந்தக் கருவியால் காணமுடியும், மாதிரி எந்த நாளில் எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் கேளுங்கள். சுன்னாகத்தில் மக்கள் ஏமாற்றமடைந்தது அறிக்கை இல்லாததால் அல்ல. ஒன்றோடொன்று முரண்பட்ட அறிக்கைகள் கையில் இருந்தன, அவற்றை யார், எப்படித் தயாரித்தார்கள் என்பதில் நம்பிக்கை இருக்கவில்லை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நீர்வளச் சபை, பிரதேச சபை எதற்கும் ஒரு குடிமகன் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். தமிழில் எழுதலாம். கேட்கவேண்டியது இரண்டே: எமது கிராம சேவையாளர் பிரிவில் இதுவரை பரிசோதிக்கப்பட்ட கிணறுகளின் முழு முடிவுகள், வெடிபொருட்கள் அழிக்கப்பட்ட இடங்களின் அமைவிடமும் அங்கு செய்யப்பட்ட மண், நீர்ப் பரிசோதனைகளும். இரண்டாவதற்குப் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுப்பு வரக்கூடும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு என்று வழி இருக்கிறது.

2018-இல் பெரிய புல்லுமலையில் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலை வருகிறது என்றபோது மாவட்டமே கடையடைத்தது. தண்ணீர் எவ்வளவு என்பதற்காக வீதிக்கு வந்தவர்கள், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்காக ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திடத் தயங்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மாதிரி எடுப்பதென்றால் காலமும் முக்கியம். புரட்டாதியில், கிணறு வற்றிக் கிடக்கும்போது ஒரு முறை. தை மாதத்தில், மாரி மழை மேலே இருந்ததையெல்லாம் கீழே இறக்கிய பின் இன்னொரு முறை. ஒரே கிணறு, ஒரே ஆழம், சுத்தமான கண்ணாடிப் போத்தல், வெயில் படாமல் குளிரூட்டிய பெட்டியில் அதே நாளில் ஆய்வுகூடம். கிணற்று மட்டத்தையும் ஒரு கயிற்றால் அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னொரு நாளில் இரும்பைப் புதைக்கும் திட்டம் ஒன்று வந்தால், பொறியியலாளர் முதலில் தேடுவது அந்தக் கொப்பியைத்தான்.